வீட்டு சர்வரில் எதை ஓட்டுவது, எதை விடுவது

கேள்வி இதுதான்: மதுரையில் வீடு, ஃபைபர் இணைப்பு. ஆபீஸில் கழித்துவிட்ட மினி பிசி ஒன்று கிடைத்திருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வீட்டில் நாலு போன், ஒரு டிவி. இதை எப்போதும் ஓடும் வீட்டு சர்வராக வைத்து, இதில் எந்த சேவைகளை நாமே நடத்தினால் உண்மையில் பயன்படும், எதிலிருந்து தொடங்குவது?

பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் ஐம்பது சொல்லலாம். ஒரே சனி ஞாயிறில் இருபதை ஏற்றிவிட்டு, மூன்று மாதத்தில் எதற்கு எந்த பாஸ்வேர்ட் என்றே தெரியாமல் நிற்கும் சர்வர்கள்தான் அதிகம். அதனால் ஒவ்வொன்றையும் ஏற்றும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் ஊரில் இல்லாத நாளில் இது நின்றுபோனால் வீட்டில் யாருக்கு என்ன முடங்கும்? நின்றால் நாலு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பவற்றை முதலில் வையுங்கள். நின்ற அடுத்த நிமிடமே போன் வரும் என்பவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி போட்டோ, காகிதங்கள், பாஸ்வேர்ட், படம் என்று வரிசை வரும். பெரும்பாலோர் முதல் நாளே வைக்கும் விளம்பரத் தடுப்பு இதில் கடைசி. காரணம் கீழே வரும்.

பெட்டியும் கரண்டும்

அந்த மினி பிசியே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 10 வாட் என்பது 14.4 யூனிட். இதே வேலைக்குப் பழைய டெஸ்க்டாப் ஒன்றை 60 வாட்டில் ஓடவிட்டால் 86 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். உங்கள் பில் ஏற்கெனவே 450 யூனிட் பக்கம் ஓடுகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். 500-ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்து விலை கூடிவிடும்.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வாங்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். பை 5-ல் வீடியோவை மாற்றிக்கொடுக்கும் வன்பொருள் என்கோடர் கிடையாது. எஸ்டி கார்டோ, இரவெல்லாம் டேட்டாபேஸ் எழுதினால் தாங்காது. கையில் இருக்கும் இன்டெல் பெட்டி எல்லா வகையிலும் மேல்.

லினக்ஸுக்கு டெபியன் போடுங்கள், டெஸ்க்டாப் சூழல் இல்லாமல், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மட்டும். அதன்மேல் டாக்கர் (ஒவ்வொரு சேவையையும் கன்டெய்னர் என்ற தனிப் பொட்டலத்தில் ஓட்டும்), கம்போஸ் (எந்தச் சேவை எப்படி ஓட வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கும் கருவி). ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு மெய்நிகர் கணினிகளாகப் பிரிப்பது 8 ஜிபியில் ராமை வீணாக்கும் வேலை.

பயாஸில் (பெட்டி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) மூன்று இடம் பார்க்க வேண்டும். கரண்ட் போய் வந்த பின் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு 'பவர் ஆன்' என்று இருக்கட்டும். 'லாஸ்ட் ஸ்டேட்' என்று வைத்தால், யுபிஎஸ் சொல்லி முறையாக அணைந்த பெட்டிக்குக் கடைசி நிலை 'அணைந்தது'தான். கரண்ட் வந்தாலும் அப்படியே கிடக்கும். இரண்டாவது, கீபோர்டு இல்லை என்று நின்றுவிடாமல் இருக்க, பிழை கண்டால் நிறுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். மூன்றாவது அமைப்பு அல்ல, பொருள்: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஆபீஸில் ஐந்தாறு வருடம் ஓடிய பெட்டியில் இது அநேகமாகத் தீர்ந்திருக்கும். தீர்ந்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் பயாஸ் அமைப்பு அழிந்து பழையபடி ஆகிவிடும், கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பினால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் எதுவும் செல்லாது. எல்லா சேவையும் ஒரே நேரத்தில் கெட்டதுபோல் தெரியும். பேட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளம். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், பெட்டி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் பேக்கப் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவை 12 வோல்ட் என்றால் சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று போதும். மினி பிசி பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட், அந்தச் சின்னதில் ஓடாது. டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் மூடி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்த அலமாரியே அடுப்பாகிவிடும்.

போட்டோ: இம்மிச்

இம்மிச் என்பது போன் படங்களை நம் சர்வரிலேயே சேர்த்துவைக்கும் மென்பொருள். ஒரே ஒரு சேவைதான் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. மெயிலும் டிரைவும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். நாலு போன் உள்ள வீட்டில் அது எப்போதோ நிரம்பியிருக்கும். இம்மிச்சின் போன் செயலி பார்ப்பதற்கும் பழகுவதற்கும் கூகுள் போட்டோஸ் போலவே இருப்பதால் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகம் அடையாளம் காணும், வரைபடத்தில் காட்டும், ஆளுக்கொரு கணக்கு கொடுக்கும். 2025 அக்டோபரில் நிலையான 2.0 பதிப்பு வந்தது. அதற்கு முன்பு அப்டேட் செய்தால் உடையும் என்ற பயம் நியாயமானது, இப்போது அவ்வளவு இல்லை.

இடக் கணக்கு: போட்டோ வீடியோவின் மொத்த அளவோடு சிறுபடங்களுக்கும் மாற்றிய வீடியோக்களுக்கும் 10 முதல் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 256 ஜிபி காணாது. இந்த வகை மினி பிசிக்குள் ஒரு 2.5 அங்குல சாட்டா இடம் இருக்கும்; 7 மிமீ தடிமனுள்ள 2 டிபி வட்டு நுழையும். போட்டோக்கள் அதில் இருக்கட்டும். ஆனால் இம்மிச் தன் தகவல்களை வைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். அது சில ஜிபிதான் பிடிக்கும். சுழலும் வட்டில் வைத்தால் செயலியில் விரலால் தள்ளும்போது திக்கும். நெட்வொர்க் வழியாக வரும் ஃபோல்டரில் வைத்தால் டேட்டாபேஸ் கெட்டே போகலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். போட்டோ வட்டை ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்திருப்பீர்கள், அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் வட்டு தெரியும்படி இணைத்திருப்பீர்கள். ஒருநாள் கரண்ட் வந்தபின் அந்த வட்டு எழுந்திருக்கவில்லை. வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' போடவில்லை என்றால் பெட்டி அவசர நிலையில் நின்றுவிடும். மானிட்டர் கொண்டுவந்து மாட்டினால்தான் உள்ளேயே போக முடியும். சரி என்று 'நோஃபெயில்' போட்டால் வேறு சிக்கல்: வட்டு இல்லாமலே பெட்டி எழும், டாக்கரும் எழும், மவுன்ட் ஆகாத வெற்று ஃபோல்டர் எஸ்எஸ்டியில் இருப்பதால் எல்லாம் அதற்குள் எழுதத் தொடங்கும். இரண்டே நாளில் எஸ்எஸ்டி நிரம்பும். வட்டு திரும்பி வந்து மவுன்ட் ஆனதும் அந்த இரண்டு நாள் கோப்புகள் அதன் அடியில் மறைந்துபோகும். இம்மிச் தன் ஃபோல்டர்களில் ஒரு அடையாளக் கோப்பை வைத்துக்கொண்டு, அது இல்லை என்றால் தொடங்க மறுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மற்ற சேவைகளிடம் அது இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வட்டைக் கழற்றிய நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சாட்டர்' கட்டளையால் மாற்றமுடியாத பண்பைக் கொடுத்துவிடுங்கள். வட்டு மவுன்ட் ஆகாதவரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கால்கூட அதில் எழுத முடியாது. ஆனபின் எந்தத் தடையும் இல்லை. ஒரு நிமிட வேலை.

கூகுளில் இருப்பதைக் கொண்டுவர டேக்அவுட் (நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் வசதி) கேளுங்கள். துண்டு ஒன்று 50 ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் கோப்புகள் குறையும். பதிவிறக்கும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகும். ஜிப்பைப் பிரித்து அப்படியே இம்மிச்சில் போட்டுவிடாதீர்கள். கூகுள் பல படங்களின் தேதியைத் தனி ஜேசன் கோப்பில் வைத்துத் தரும். அதைப் படிக்காமல் ஏற்றினால், உள்ளே தேதி இல்லாத வாட்ஸ்ஆப் படங்களும் ஸ்கேன் செய்த பழைய கல்யாணப் படங்களும் இன்றைய தேதியில் குவிந்துவிடும். 'இம்மிச்-கோ' என்ற தனிக் கருவி ஜிப்பையும் ஜேசனையும் சேர்த்தே படித்து ஏற்றும்.

முதல் ஏற்றத்தின்போது முகம் தேடும் வேலை சில நாள் ஓடும், பெட்டி சூடாகும். நிர்வாகப் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். 8 ஜிபியில் இதைச் செய்யாவிட்டால் ராம் தீர்ந்து கர்னல் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும். அது பெரும்பாலும் டேட்டாபேஸாகத்தான் இருந்துதொலைக்கும்.

போன் பக்கம்: ஆண்ட்ராய்டில் இம்மிச்சுக்குப் பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று அமைத்தால்தான் பின்னணியில் ஏறும். ஐபோனில் பின்னணி வேலைக்கு ஆப்பிள் கொடுக்கும் நேரம் குறைவு; அவ்வப்போது செயலியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எந்த ஆல்பம் ஏற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் வாட்ஸ்ஆப் படங்களை விட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பெரியப்பா தினமும் அனுப்பும் காலை வணக்கம் ரோஜாப்பூக்கள் அத்தனையும் காலத்துக்கும் உங்கள் வட்டில் இருக்கும்.

காகிதங்கள்: பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ்

பட்டா, வில்லங்கச் சான்று, இன்சூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வண்டி ஆர்சி. பீரோவில் நாலு ஃபைலில் கிடப்பவற்றை ஸ்கேன் செய்து போட்டால், பேப்பர்லெஸ் அவற்றை டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும்) மென்பொருள் கொண்டு படித்துத் தேடும்படி வைக்கும். தமிழ் ஆவணங்களுக்கு இதில் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்கர் பதிப்பில் தமிழ் தானாக வராது. ஓசிஆர் மொழி என்று அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று ஒருமை, மற்றது பன்மை, கடைசி ஒரு எழுத்துதான் வித்தியாசம். பன்மையில் உள்ளது எந்த மொழிப் பொதிகளை இறக்க வேண்டும் என்பது, ஒருமையில் உள்ளது எந்த மொழிகளில் படிக்க வேண்டும் என்பது. இரண்டிலும் தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியைக் கொடுக்க வேண்டும். படிக்கும் வரியில் தமிழையும் ஆங்கிலத்தையும் கூட்டல் குறி போட்டுச் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் தமிழ் வரவில்லை என்று தேடுவதுதான் பலரின் முதல் நாள்.

அடுத்து, பழைய தமிழ் பிடிஎஃப்கள். பாமினி, வானவில் போன்ற யுனிகோட் அல்லாத எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். பேப்பர்லெஸின் இயல்பான முறை, ஏற்கெனவே எழுத்து இருக்கும் பக்கத்தை ஓசிஆர் செய்யாமல் தாண்டிவிடுவது. ஆகவே குப்பையே அப்படியே சேமிக்கப்படும். அந்த வகைக் கோப்புகளுக்கு ஓசிஆர் முறையை 'ஃபோர்ஸ்' என்று மாற்றி ஏற்றினால் பக்கத்தைப் படமாக்கி முதலிலிருந்து படிக்கும். கோப்பு அளவு கூடும். எல்லாவற்றுக்கும் இதையே வைத்துவிட வேண்டாம். பழையவற்றை மொத்தமாக ஏற்றி முடித்ததும் திரும்ப மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப். இ-ஆதார், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் பூட்டோடுதான் வரும். ஏற்றினால் தோல்வி என்று சிவப்பில் நிற்கும். 'க்யூபிடிஎஃப்' கருவியால் பூட்டை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். பூட்டில்லாத ஆதார் சர்வரில் கிடக்கப் போகிறது என்பதால் வட்டைக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்வதைப் பற்றியும் அப்போதே யோசித்துவிடுங்கள்.

நான்காவது, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐயில் எடுத்த நல்ல அச்சு தேறும். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும் எழுத்துருவில் தடுமாறும். முத்திரைத்தாளில் கையால் எழுதிய கிரயப் பத்திரத்தைப் படிக்கவே படிக்காது. அதனால் தலைப்பை மட்டும் நீங்களே ஒழுங்காகக் கொடுங்கள்: 'பட்டா, சர்வே எண், ஊர், ஆண்டு' என்று. எண்கள் பெரும்பாலும் சரியாகப் படிக்கப்படும். சர்வே எண்ணையோ இபி இணைப்பு எண்ணையோ தட்டித் தேடுவதுதான் நடைமுறையில் வேகமான வழி.

இன்னொன்று: இயல்பில் கோப்புகளை 0000001 என்ற மாதிரி வரிசை எண்ணில்தான் வட்டில் வைக்கும். கோப்புப்பெயர் அமைப்பில் ஆண்டு, அனுப்பியவர், தலைப்பு என்று வடிவம் கொடுத்துவிட்டால், என்றைக்காவது பேப்பர்லெஸே ஓடாமல் போனாலும் ஃபோல்டரைத் திறந்து ஆவணத்தைக் கண்ணால் தேடி எடுக்கலாம். ஒரிஜினலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

பாஸ்வேர்ட்: வால்ட்வார்டன்

பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் பிட்வார்டன் செயலிகளோடு பேசும், ரஸ்ட் மொழியில் எழுதிய சிறிய சர்வர். ராம் சில பத்து எம்பிதான். சர்வர் நின்றாலும் போனில் ஏற்கெனவே உள்ள பாஸ்வேர்டுகளைப் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. அதனால்தான் இதை நம்பி வைக்கலாம் என்கிறேன். ஆனால் சர்வர் நின்றிருக்கும்போது செயலியிலிருந்து லாக்அவுட் செய்துவிட்டால் உள்ளே போக வழியில்லை. லாக் வேறு, லாக்அவுட் வேறு என்று வீட்டில் சொல்லிவைக்கவும்.

எச்டிடிபிஎஸ் இல்லாமல் இதன் இணையப் பக்கம் வேலை செய்யாது. குறியாக்கத்துக்கு பிரௌசர் பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயம் கேட்கும்; 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால் பிழைதான் வரும். தீர்வு அடுத்த பகுதியில். வீட்டார் எல்லோருக்கும் கணக்கு திறந்ததும் புதிதாக யாரும் கணக்கு திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து எப்படி வருவது

ரூட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து வருவதை ரூட்டர் வழியே சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பயனில்லை. நம் ஊர் வீட்டு இணைப்புகளில் இது சர்வ சாதாரணம். ஒருவகையில் நல்லது, போர்ட்டைத் திறந்துவைக்கும் ஆசையே வராது.

டெய்ல்ஸ்கேல் போடுங்கள். உங்கள் கருவிகளை மட்டும் தனியாக இணைக்கும் விபிஎன், ஒயர்கார்ட் என்ற நெறிமுறையின் மேல் கட்டியது, வீட்டுப் பயனுக்கு இலவசம், சிஜிநாட்டைத் தாண்டும். சர்வரிலும் நாலு போனிலும் நிறுவினால் போதும். அதிலுள்ள 'சர்வ்' வசதி எச்டிடிபிஎஸ் சான்றிதழோடு ஒரு பெயரும் தரும்; வால்ட்வார்டனை 443-லும் மற்றதை 8443 போன்ற போர்ட்டிலும் வைக்கலாம். அந்தச் சான்றிதழ் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும் என்பதால் பெட்டிக்கு வீட்டுப் பெயரையோ குடும்பப் பெயரையோ வைக்காதீர்கள். மறக்கக்கூடாத ஒன்று: சாதனத்தின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, பெரும்பாலும் நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில், சர்வர் காணாமல் போகும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன் போட்டால் இது நிற்கும்.

கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர்கள் மூலம் வெளியிலிருந்து வரவைக்கும் கிளவுட்ஃப்ளேர் டனல் வழியாக வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இலவசத் திட்டத்தில் ஒரே பதிவேற்றம் 100 எம்பிக்கு மேல் போகாது. போட்டோ ஏறும், ஆண்டுவிழா வீடியோ மட்டும் ஏறாது. காரணம் தெரியாமல் ஒரு வாரம் இம்மிச்சைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் எல்லாப் போர்ட்டையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அந்த விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதுகிறது. கம்போஸ் கோப்பில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால், டெய்ல்ஸ்கேல் சர்வ் வழியாக மட்டுமே உள்ளே வர முடியும்.

படம்: ஜெல்லிஃபின்

வீட்டில் உள்ள படங்களை டிவியிலும் போனிலும் பார்க்க வைக்கும் மீடியா சர்வர்; எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து 2018-ல் பிரிந்த திட்டம், முழுக்க இலவசம். எட்டாம் தலைமுறை இன்டெலின் க்விக்சிங்க் என்ற வீடியோ மாற்றும் வசதி, 10 பிட் எச்இவிசி வீடியோவைக்கூட வன்பொருளிலேயே மாற்றும். அதற்கு கன்டெய்னருக்குள் வீடியோ சாதனத்தைக் காட்டி, 'ரெண்டர்' குழுவின் எண்ணையும் கொடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் இந்த வன்பொருள் மாற்றம் வேலை செய்யாமல் போகலாம்.

தமிழ் சப்டைட்டில் கட்டங்கட்டமாகத் தெரிந்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஒரு ஃபோல்டரில் போட்டு, பிளேபேக் அமைப்பில் மாற்று எழுத்துரு ஃபோல்டராக அதைக் காட்டுங்கள். கிறுக்கலாகத் தெரிந்தால் எழுத்துருவில் தப்பில்லை, கோப்பு யுடிஎஃப்-8-ல் இல்லை என்று அர்த்தம். சர்வரிலிருந்து ரூட்டருக்கு லேன் கேபிள்தான், வைஃபை வேண்டாம்.

விளம்பரத் தடுப்பு ஏன் கடைசி

பை-ஹோலும் அட்கார்ட் ஹோமும் நல்லவைதான். அவை டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) வழியாக விளம்பரத் தளங்களைத் தடுக்கின்றன. ஆனால் வீட்டின் டிஎன்எஸ்ஸே சர்வர் என்றால், சர்வர் நின்ற நிமிடம் வீட்டில் எல்லோருக்கும் 'நெட் போச்சு'. மாற்றாக ரூட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 போட்டால், முதலாவது போனால்தான் இரண்டாவது என்று கருவிகள் காத்திருக்காது; இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், பாதி விளம்பரம் தப்பித்து வரும். இரண்டு பெட்டியில் இரண்டு பை-ஹோல் என்பதுதான் சரியான வழி. அந்த இரண்டாவதுக்குப் பழைய ராஸ்பெர்ரி பை போதும்.

போட்ட பின்னும் விளம்பரம் வருகிறது என்றால் முதலில் ஐபிவி6-ஐப் பாருங்கள். ரூட்டர் அந்த வழியில் தன் சொந்த டிஎன்எஸ்ஸை அறிவித்துக்கொண்டிருக்கும். அடுத்து ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ். இணைய நிறுவனம் தந்த பெட்டியில் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடவில்லை என்றால், அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்துவிட்டு பை-ஹோலின் டிஎச்சிபியை ஓட்டலாம். உபுண்டுவில் 53-வது போர்ட் பிஸி என்று வந்தால் சிஸ்டம்டி-ரிசால்வ்டின் ஸ்டப் லிசனர்தான் அங்கே உட்கார்ந்திருக்கும். அதை அணைக்க வேண்டும். யூடியூப் விளம்பரம் இதனால் போகாது. வீடியோவும் விளம்பரமும் ஒரே சர்வர் பெயரில் வருகின்றன.

பேக்கப்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதல் போட்டோ ஏறும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரே பெட்டியில் இரண்டு வட்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு போடுவது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும், இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பேக்கப் எடுக்க ரெஸ்டிக் என்ற கருவி போதும். குறியாக்கம் செய்யும், மாறியதை மட்டும் அனுப்பும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் மீட்கும்போது திறக்காமல் போகலாம். போஸ்ட்கிரெஸுக்கு டம்ப் (முழு டேட்டாபேஸையும் ஒரு கோப்பாக எழுதியது) எடுங்கள். இம்மிச் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானே டம்ப் எடுத்துத் தன் பதிவேற்ற ஃபோல்டரிலேயே கடைசி 14-ஐ வைத்திருக்கும், எனவே ரெஸ்டிக்கை 3 மணிக்கு ஓட்டினால் சரி. ஆனால் அந்த டம்பில் போட்டோக்கள் இருக்காது, ஆல்பமும் முகப் பெயரும் மாதிரியான தகவல்கள்தான். ஃபோல்டரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வால்ட்வார்டனின் எஸ்க்யூலைட் கோப்புக்கு எஸ்க்யூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளை இருக்கிறது. அதோடு இணைப்புக் கோப்புகள் (attachments) ஃபோல்டரும் ஆர்எஸ்ஏ சாவிக் கோப்பும் வேண்டும்.

எங்கே வைப்பது? ஒன்று, வீட்டிலேயே யுஎஸ்பி வட்டு, ஓடாத நேரத்தில் கழற்றி பீரோவில். இன்னொன்று வேறு வீட்டில். அக்கா வீட்டில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பையும் வட்டும் வைத்து டெய்ல்ஸ்கேலால் இணைத்துவிடலாம். முதல் நகலை உங்கள் வீட்டிலேயே எடுத்து வட்டைக் கையில் கொண்டுபோங்கள். 500 ஜிபியை 100 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பக் கணக்குப்படியே 11 மணி நேரம், நிஜத்தில் இன்னும் கூடும். அந்தப் பக்கம் ரெஸ்டிக்கின் நகல்களை வாங்கி வைக்கும் ரெஸ்ட்-சர்வரைச் 'சேர்க்க மட்டும்' என்ற முறையில் ஓட்டினால், உங்கள் சர்வர் யார் கையிலாவது சிக்கினாலும் அங்குள்ள பழைய நகலை அவர்களால் அழிக்க முடியாது.

இப்போது ஒரு சுருக்கு. ரெஸ்டிக் பாஸ்வேர்டை எங்கே வைத்தீர்கள்? வால்ட்வார்டனில். வால்ட்வார்டன் எங்கே? எரிந்துபோன சர்வரில். அதன் நகல்? ரெஸ்டிக்குள். டெய்ல்ஸ்கேலுக்குள் நுழையும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டும் அதே இடத்தில்தான் இருக்கும். ரெஸ்டிக், வால்ட்வார்டன், கூகுள் மூன்றின் பாஸ்வேர்டையும், இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலின் மீட்புக் குறிகளையும் தாளில் எழுதி, நகைப் பெட்டியோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு பழைய போட்டோவையும் ஒரு டேட்டாபேஸ் டம்பையும் லேப்டாப்பில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காதவரை அது பேக்கப் என்ற நம்பிக்கை மட்டும்தான்.

வேண்டாதவை, தள்ளிப்போடக்கூடியவை

மெயில் சர்வர் வேண்டவே வேண்டாம். வீட்டு இணைய முகவரிகள், ஸ்பாம் மெயிலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸின் பட்டியலில் முன்பே இருக்கும், மெயில் அனுப்பும் 25-வது போர்ட் மூடியிருக்கும், ரிவர்ஸ் டிஎன்எஸ் உங்கள் கையில் இல்லை. நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் எவருடைய இன்பாக்ஸிலும் விழாது.

நெக்ஸ்ட்கிளவுட் (கூகுள் டிரைவ் போன்றதை நாமே நடத்துவது) பெரிய யானை. காலண்டர், ஆபீஸ் எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால் மட்டும் கட்டுங்கள். இரண்டு கணினிக்கு நடுவே ஃபோல்டர் ஒத்துப்போக வேண்டும் என்றால் சிங்க்திங் போதும். அதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, 'சிங்க்திங்-ஃபோர்க்' என்பதைத் தேடுங்கள். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் அமைப்பை முதலிலேயே போடவும்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் கிவிக்ஸ் ஒன்றைச் சொல்லலாம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே ஜிம் கோப்பாக இறக்கி, நெட் இல்லாத நேரத்திலும் வீட்டு வைஃபையில் திறக்க வைக்கும். பராமரிப்பு என்று எதுவும் கிடையாது.

வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் போட்டு மோட்டாரை போனில் ஓட்டும் யோசனை கண்டிப்பாக வரும். சென்சார், லைட் வரை தாராளமாகச் செய்யுங்கள். போர் மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் நேராக மாட்டாதீர்கள். தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு, ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டார் அணையாது. ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் சுருளை மட்டும் இயக்கும்படி எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

எதை ஏற்றினாலும் கம்போஸ் கோப்பில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணையே எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் 15 எழுதிய ஃபோல்டரை 16 திறக்காது; இரவில் தானாக அப்டேட் ஆனால் காலையில் எதுவும் எழாது. லாக் கோப்புகளுக்கு டாக்கரில் இயல்பாக வரம்பே இல்லை, 10 எம்பி வீதம் மூன்று என்று வைத்துவிடுங்கள்.

கடைசியாக, 8 ஜிபி போதுமா என்பது. இம்மிச் குறைந்தபட்சம் 6 ஜிபி கேட்கிறது, வசதியாக ஓட 8. அதோடு பேப்பர்லெஸும் ஜெல்லிஃபினும் சேர்ந்தால் இறுக்கம்தான். உங்கள் பெட்டியில் மெமரிக்கு இரண்டு இடம் இருக்கும், ஒன்றில் 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ஸ்டிக் இருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்து, காலி இடத்தில் அதே போன்ற இன்னொன்று செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சொருகுங்கள். மூடி திறந்திருக்கும்போதே அந்தப் பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடலாம்.